பதினோராம் நம்பர் பாட்டில்

1964ஆம் வருடம். கோயம்புத்தூரில் மில்காரர்கள் சேர்ந்து கட்டிய ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் யூனுஸ் கம்பவுண்டராக இருந்தார். பதினெட்டு வருட சர்வீஸ். மருந்து அளப்பதில் ஒரு சொட்டு கூடப் பிசகமாட்டார் என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் டாக்டர் பாலகோபால் இரும்பு அலமாரியின் சாவியை அவரிடம் கொடுத்தார்.

பாலகோபால் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர். ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிடுவதுதான் அதுவரை வழக்கம். இவர் அந்தக் குழந்தைகளைப் படுக்கையில் சேர்த்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு புது மாத்திரை வந்தது. அது உண்மையிலேயே நோயைத் தள்ளிப்போடுகிறதா என்று பார்க்க மெட்ராஸில் ஒரு கமிட்டி அமைந்தது. முதலில் பழைய மருந்தால் நோயை அடக்குவது. அடங்கியபின் பாதிக் குழந்தைகளுக்குப் புது மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மஞ்சள் நிறத்தில், மேலே கசப்புப் பூசிய பால்சர்க்கரை மாத்திரை. யாருக்கு எது என்பதை மெட்ராஸில் சீட்டுக் குலுக்கி, நம்பர் போட்டு அனுப்பினார்கள். பட்டியல் சீல் வைத்த உறையில் யூனுஸின் அலமாரிக்குள் இருந்தது. டாக்டருக்குக்கூட அது தெரியக்கூடாது. ஒரு குழந்தைக்கு நோய் திரும்பினால் மட்டும் உறையைப் பிரித்து, அது தின்றது சர்க்கரை என்றால் மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்து, நிஜ மாத்திரையை வரவழைத்துக் கொடுக்க வேண்டும்.

யூனுஸுக்கு இந்த ஏற்பாடு மனசுக்குப் பிடித்திருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் முடிவு செய்யும் ஒரு காரியத்தை அந்த ஆஸ்பத்திரியில் அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கூலிவேலை செய்யும் மாசாணியம்மாள் தன் மகள் கருப்பாத்தாளைக் கொண்டுவந்தாள். ஆறு வயது. பழைய மருந்தில் காய்ச்சல் இறங்கி, கன்னம் உப்பி, நாள் முழுக்கப் பசி பசி என்று கேட்டது குழந்தை. இங்கிலீஷில் அடித்த ஒரு காகிதத்தில் மாசாணியம்மாள் கட்டைவிரல் ரேகை வைத்தாள். புது மருந்து என்று மட்டும் அவளிடம் சொன்னார்கள். சர்க்கரையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. குழந்தைக்குப் பதினோராம் நம்பர் விழுந்தது.

அதே வாரம் பன்னிரண்டாம் நம்பர், ஸ்பெஷல் ரூமில் இருந்த சீனிவாசலுவுக்கு விழுந்தது. எட்டு வயதுப் பையன். அவன் அப்பா லட்சுமணசாமி மில் முதலாளி. ஆஸ்பத்திரி டிரஸ்டிகளில் ஒருவர்.

மறுநாள் காலை பாலகோபால் மருந்தறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"யூனுஸ் பாய், அந்த உறையைப் பிரிங்க."

"நோய் திரும்பினாத்தானுங்களே பிரிக்கோணும்?"

"பிரிங்கன்னு சொல்றேன்."

பிரித்தார். பதினொன்று நிஜ மாத்திரை. பன்னிரண்டு சர்க்கரை.

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேர் பாட்டிலுக்கும் லேபிளை மாத்தி ஒட்டிருங்க."

"டாக்டருங்க..."

"இந்த மருந்தைக் கடையில வாங்க முடியாது பாய். இம்போர்ட் லைசென்ஸ் வாங்கறதுக்குள்ள பையன் போயிருவான். அவங்கப்பன் இல்லீன்னா இந்த வார்டே இல்லை. வார்டு இல்லீன்னா நாளைக்கு நூறு குழந்தைக்கு ஆரு வைத்தியம் பார்ப்பாங்க?"

"அந்தப் புள்ளைக்கு?"

"அதுக்கு நோய் திரும்புனா அப்பப் பாத்துக்கலாம்."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் போட்டிருந்த சென்ட் வாசனை அறையில் நின்றது. யூனுஸ் வெந்நீர் எடுத்து லேபிள்களை நனைத்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டி உரித்தார். பசை தடவி மாற்றி ஒட்டினார். ஆறு மாதத்துக்கான பன்னிரண்டு பாட்டில்கள். வேலை சுத்தமாக இருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது. அன்று மத்தியானம் சோற்றில் கைவைத்தபோது விரலிலிருந்து பசை நாற்றம் வந்தது. தட்டைத் தள்ளிவைத்தார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

மாதம் ஒருமுறை மாசாணியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து மருந்து வாங்கிப் போனாள். வரும்போதெல்லாம் அவரைக்காயோ பூசணித் துண்டோ கொண்டுவந்து யூனுஸிடம் நீட்டுவாள். அவர் வாங்கிக்கொண்டு கருப்பாத்தாளின் தலையைத் தடவுவார்.

"உங்க கையில வாங்கற மருந்துதானுங்க எம்பட புள்ளையை நடக்க வெச்சிருக்குது" என்பாள்.

அந்தக் காய்களை யூனுஸ் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. வழியில் மாட்டுக்குப் போட்டுவிடுவார்.

நாலாம் மாதம் குழந்தையின் தொடையில் நீலத் திட்டுகள் வந்தன. ஈறில் ரத்தம் கசிந்தது. பரிசோதனையில் நோய் திரும்பியது தெரிந்து, குழந்தையை ஜெனரல் வார்டில் சேர்த்தார்கள். யூனுஸ் தந்தி எழுதச் சொல்வார்கள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மறுநாள் அவரே டாக்டரின் அறைக்குப் போனார். பாலகோபால் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணுக்கு மெட்ராஸ் மருந்து கேக்கோணுங்க."

"பதினொண்ணு நிஜ மருந்து சாப்பிட்ட குழந்தை. மருந்து பலிக்கலைன்னு எழுதியாச்சு."

"அது தின்னது சர்க்கரைங்க. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"மெட்ராஸ் பட்டியல்ல அப்படி இல்லையே." டாக்டர் விரல் விரலாகத் துடைத்தார். "இப்பத் தந்தி அடிச்சா லேபிள் மாத்தினது வெளிய வரும். மூணு வருஷ வேலை குப்பைக்குப் போகும். லேபிள் ஒட்டினது ஆருன்னும் கேப்பாங்க. வயசு நாப்பத்தெட்டு, உங்களுக்கு இனி எங்க வேலை கெடைக்கும்?"

அந்தச் சோப்பு வாசம், அந்த வெள்ளைத் துண்டு, பதற்றமே இல்லாத அந்தக் குரல். யூனுஸ் வராந்தா தொட்டியருகே போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக ஜெனரல் வார்டுக்குப் போனார். மாசாணியம்மாள் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார்.

அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"கசக்குதுன்னு அழுவாளேங்க. சர்க்கரை எப்படிங்க கசக்கும்?"

"வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு மேல கசப்புப் பூசியிருப்பாங்க, அம்மணி."

"ஒரு நாள் முழுங்க மாட்டேன்னு துப்பிப்போட்டா. அறைஞ்சுபோட்டேனுங்க. கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சுபோச்சு. மூக்கைப் புடிச்சு, வாயைத் தொறந்து போட்டுவுட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "பொழைக்கோணும்னுதானுங்க அறைஞ்சேன்."

எழுந்தாள். தலைமாட்டில் மீதி மாத்திரையோடு இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குள் நுழைந்தாள். வெளியே பத்துப் பதினைந்து தாய்மார்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். மேஜைமேல் மாத்திரைகளைக் கொட்டினாள்.

"ஏனுங்க டாக்டர், ஒண்ணு தின்னு பாருங்க."

"யாரும்மா உன்னை உள்ள விட்டது? வெளிய போ."

"சர்க்கரைதானுங்களே. ஒண்ணும் ஆவாது. தின்னு பாருங்க."

பாலகோபால் மணியை அடித்தார். பின்னால் வந்து நின்ற யூனுஸ் மேஜையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். முதலில் நாக்கைச் சுருட்டும் கசப்பு. பிறகு இனித்தது. அந்த இனிப்புதான் தாங்கவில்லை. எல்லார் முன்னாலும் தரையில் துப்பினார்.

அங்கிருந்து தந்தியாபீசுக்கு நடந்தார். லேபிள் மாற்றியதையும், மாற்றியது தன் கைதான் என்பதையும் எழுதித் தன் பெயரைப் போட்டு அனுப்பினார்.

மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். பத்தாம் நாள் நிஜ மாத்திரை வந்தது. கருப்பாத்தாளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. மூன்று வாரம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள், வடை கேட்டுத் தின்றாள். பிறகு ரத்தக் கசிவு மூளைக்குப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை இறந்துபோனாள். முதலிலிருந்தே அந்த மாத்திரையைத் தின்றிருந்தால் எத்தனை மாதம் இருந்திருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியாது. சீனிவாசலுவும் மறுவருடம் ஆடியில் போய்ச்சேர்ந்தான். அந்தக் காலத்தில் மருந்து நோயைத் தள்ளித்தான் போட்டது. போக்கவில்லை.

சீல் உறையைப் பிரித்தது குற்றம் என்று சொல்லி யூனுஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். கமிட்டியின் அறிக்கை அச்சாகி வந்தது. "இரு குழந்தைகள் ஆய்வில் சேர்க்கப்படவில்லை" என்று அடிக்குறிப்பில் ஒரு வரி. பாலகோபாலின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தது. டிரஸ்டிகள் அவருக்குச் சால்வை போர்த்திய படம் பத்திரிகையிலும் வந்தது. படத்தில் லட்சுமணசாமி பக்கத்தில் நின்றிருந்தார். மகனை இழந்தவர் முகம் அதில் வேறு மாதிரி இருக்கும் என்று யூனுஸ் கூர்ந்து பார்த்தார். எல்லாரையும் போலத்தான் இருந்தது. பத்திரிகையை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

சில மாதம் கழித்து ஒரு பகலில் தொண்டாமுத்தூருக்குப் பஸ் ஏறினார். மன்னிப்புக் கேட்கப் போகிறோமா, பார்த்துவிட்டு வரப் போகிறோமா என்று அவருக்கே தெரியவில்லை. தோப்போரம் தன் ஓலைச் சாளை வாசலில் மாசாணியம்மாள் தேங்காய்மட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க" என்றாள். கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை. வெயிலில் நடந்து வந்ததில் நா வறண்டிருந்தது. அவர் கண் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனதை அவள் கவனித்தாள்.

"தந்தி அடிச்சீங்க, வேலையும் போயிருச்சுன்னு சொன்னாங்க. இல்லீன்னு சொல்லலீங்க" என்றாள். "ஆனா அந்த நாலு மாசம் எங்கிட்ட அவரைக்காய் வாங்கிக்கிட்டு, கருப்பாத்தா தலையைத் தடவுனீங்கல்ல? அதை நெனச்சா அருவருப்பா இருக்குதுங்க. இந்த ஊட்டுக்கு ஆரு வந்தாலும் தண்ணி குடுப்பேன். உங்களுக்குக் குடுக்க எனக்குக் கை வரலீங்க. கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இல்லீங்க அம்மணி" என்றார் யூனுஸ்.

அவள் திரும்பிப் போய் மட்டையை அடுக்க ஆரம்பித்தாள். அவர் வரப்பு வழியாக ரோட்டுக்கு நடந்தார். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.