பூட்டியின் படையலில் வட்டிலப்பம்

விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாகமணிப் பூட்டியின் திவசம் முதன்முறையாக வெள்ளவத்தையில், என் பிளாட்டில்! என் வீடு, என் அடுப்பு, என் படையல். இந்த முறையாவது பூட்டிக்கு வட்டிலப்பம் வைத்தே தீருவேன்.

சின்ன வயதில் அவருக்கு நான் கொடுத்த வாக்கு அது. "நான் போனாப் பிறகு வெறும் பாயாசத்தை வைச்சு என்னை ஏமாத்திப் பேய்க்காட்டாதை, சாருஜா. வட்டிலப்பம் வையடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்.

சிக்கல், வட்டிலப்பத்தில் போடும் முட்டைதான். பூட்டி கடும் சைவம். முட்டை பொரித்த சட்டி இருக்கிற பக்கமே திரும்பமாட்டார். ஆனால் நோன்புப் பெருநாள் என்றால், பக்கத்து வீட்டு ஷபீகா ஆன்ட்டி அனுப்பும் கிண்ணத்துக்காகக் காலையிலேயே கேற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவார். "தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும்தானே, பிள்ளை" என்று கண்ணை மூடிக்கொண்டு வழித்துச் சாப்பிடுவார். நாங்கள் எல்லோரும் முகட்டைப் பார்ப்போம். எனக்குச் சிரிப்பு அடக்கமுடியாது. அம்மா தொடையில் கிள்ளுவார். பூட்டிக்குத் தெரியக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவர் போன பிறகும் கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

படையல் என்று வந்தால் மட்டும் கனகசபாபதி பெரியப்பா வருடாவருடம் வட்டிலப்பம் கூடாதென்று ஒற்றைக்காலில் நிற்பார். "அவ தெரியாமல் திண்டது பாவமில்லை. நாங்கள் தெரிஞ்சு வைச்சால் பாவம்."

பகல், பூட்டியின் படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டாயிற்று. கறிகள், வடை, நடுவில் பாயாசம். அழைப்புமணி அடித்தது. பாய்ந்தோடிக் கதவைத் திறந்தேன். ஷபீகா ஆன்ட்டியின் பேத்தி நிஹ்லா, கையில் கிண்ணத்தோடு நின்றாள். நான்தான் சொல்லிச் செய்வித்திருந்தேன்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பினால், பெரியப்பா படத்துக்கு முன்னால் மறித்துக்கொண்டு நிற்கிறார்.

"பிள்ளை, முட்டை போட்டதோ?"

"ஓ அங்கிள். போடாட்டி பூட்டி ஏசுவாங்களே!" என்றாள் நிஹ்லா.

பெரியப்பா நிஹ்லாவை உற்றுப் பார்த்தார்.

"அவவுக்குத் தெரியுமோ?"

"உங்களுக்குத் தெரியாதா? எங்கட வீட்டுல எல்லாரும் செல்லிச் சிரிக்கிற கதை அது. நீங்க சைவம் எண்டு தெரிஞ்சதும், உம்மும்மா அடுத்த பெருநாளைக்கு முட்டை போடாம வேறயா செஞ்சு அனுப்பினாங்களாம். அண்டைக்கே பூட்டி மதிலடிக்கு வந்துட்டாங்க. 'ஷபீகா, இது களி. போனமுறை செய்ததுபோலவே செய். என்ன போட்டனி எண்டு எனக்குத் தெரியும். எங்கட பிள்ளையளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, கவலைப்படுவினம்' எண்டு."

நான் துள்ளியே விட்டேன். கள்ளப் பூட்டி! நாங்கள் அவருக்கு மறைத்தோம், அவர் எங்களுக்கு மறைத்தார். முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் மூஞ்சிகளை எவ்வளவு ரசித்திருப்பார்! சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் கிண்ணம் என் கையிலேயே இருந்தது. பெரியப்பா இன்னும் வழிவிடவில்லை.

அவர் திரும்பிப் பூட்டியின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, இலையின் நடுவிலிருந்த பாயாசத்தை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"இதில வை" என்றார். "பெரிய துண்டா வெட்டி வை. அவவை இவ்வளவு காலமும் பேய்க்காட்டினது காணும்."