மாமா பார்த்து எடுத்த லெப்டொப்

கெம்பஸுக்குப் போகப் போவது தனுஜா. பல்கலைக்கழகத்தில் படிக்கப் போவதும் தனுஜா. ஆனால் ஹட்டன் டவுன் லெப்டொப் கடை முதலாளி பேசியதெல்லாம் அவளுடைய தாய்மாமன் ஜீவராஜிடம்தான். அவள் ஒருத்தி அங்கே நிற்பதாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். டவுனில் நாலு பேரைத் தெரியும் என்பதால் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யார் எது வாங்கினாலும் அவர்தான் முன்னால் நிற்பார். போனாகட்டும், டிவியாகட்டும், அவர் கை காட்டியதுதான் வீடு வந்து சேரும். இன்றைக்கு அவர் கை காட்டியது தங்க நிறத்தில், அப்பளம் மாதிரி மெல்லிசாக ஒன்று.

"அது வேணாங்க மாமா. அந்தக் கறுப்பு."

மாமா சிரித்தார். "அதுவா? செங்கல்லு கணக்கா இருக்கு. கெம்பஸ் புள்ளைங்க பாத்தா சிரிக்கும்."

"படம் பாக்க இது போதும் தங்கச்சி" என்றான் முதலாளி.

படம் பார்க்கவா! தனுஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. மேல் லயத்து டோரீன் அக்காவும் இப்படித்தான் மெல்லிசாக ஒன்றைக் கொண்டுபோனாள். பஸ் கினிகத்தேனை தாண்டுவதற்குள் யாருடைய மூட்டையோ அதன்மேல் விழுந்து திரை கீறிப்போனது. முதல் வருடம் முழுக்க அடுத்தவளிடம் இரவல் கேட்டுக் கெஞ்சியே படித்தாள். அந்த அக்காதான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: தடிப்பாக எடு, மூடியை அழுத்திப் பார், நெளிந்தால் வேண்டாம், தண்ணீர் பட்டால் வழிந்தோட அடியில் துவாரம் இருக்கிறதா என்று பார்.

"நான் படம் பாக்கப் போகலீங்க, படிக்கப் போறேன்." தனுஜா தங்க நிறத்தின் மூடியை விரலால் அழுத்தினாள். நெளிந்தது. "பாருங்க! இது நாலு வருசம் தாங்குமா?"

"கடையில வச்சி மானத்த வாங்காத புள்ள" என்று அம்மா சண்முகவடிவு அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமாவுக்குத் தெரியும்."

மாமாவுக்கு மண்ணாங்கட்டி தெரியும். அம்மா கொழுந்து பறித்துச் சீட்டுக் கட்டிய காசு இது. உடைந்தால் இன்னொன்று கிடையாது. தனுஜா போய்க் கடை வாசற்படியில் உட்கார்ந்தாள். கறுப்பை எடுக்காமல் எழும்ப மாட்டேன் என்றாள். ரோட்டில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க, மாமா தலையில் அடித்துக்கொண்டார். கறுப்பு வந்தது.

அதோடு விட்டார்களா? சாமி கும்பிடாமல் புதுச் சாமானை வீட்டுக்குள் எடுக்கக் கூடாதாம். சரி, கும்பிட்டுத் தொலைக்கட்டும் என்று தனுஜா அதை மாரியம்மன் கோயிலில் திறந்து, சுவிட்சைப் போட்டு வைத்தாள். லயமே கூடியிருந்தது. பூசாரி கந்தப்பன் ஓரத்தில் சந்தனம், குங்குமம் இட்டு, முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். எல்லாம் ஆட்டோவுக்குப் போடுகிற பூசைதான். புதிதாக வந்த பெரிய சாமானுக்கு அந்த லயத்தில் வேறு பூசை யாருக்குத் தெரியும்? தனுஜா கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் மாமா மஞ்சள் தண்ணீர்ச் செம்பை எடுத்து, வேப்பிலையால் தெளித்தார். அது போதாதென்று, தன் ஆட்டோவுக்குச் செய்தது போலவே, மிச்சத்தை அப்படியே எழுத்துக் கட்டைகளின் மேல் கவிழ்த்தார்.

"ஐயையோ! என்னா செஞ்சீங்க!"

பாய்ந்து தூக்கினாள். அடித் துவாரங்களால் மஞ்சள் தண்ணீர் ஒழுகியது. சுவிட்சை அணைத்தாள், கவிழ்த்தாள், பாவாடையால் துடைத்தாள்.

"ஆட்டோவும் இதும் ஒண்ணா? என்னயக் கேட்டீங்களா? கடையிலயும் கேக்கல, இங்கயும் கேக்கல! படிக்கப் போறது நானா, நீங்களா?"

"சாமி முன்னாடி இப்பிடிக் கத்துறாளே, வெளங்குவாளா இவ" என்றார் கந்தப்பன்.

"வெளங்காட்டிப் போறேன்!"

வீட்டில் அதைத் துணியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காவல் இருந்தாள். அடுப்புக்கு மேலே விறகு காயப் போடும் பரணில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று அம்மா வாயெடுத்தாள். தனுஜா போட்ட சத்தத்தில் அம்மா தள்ளிப் போய் உட்கார்ந்தாள். மகள் சோறு தொடாமல் அந்தக் கறுப்புச் சாமானைத் தடவித் தடவிப் பார்ப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நன்றாகக் காய்ந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தனுஜா வாசலில் வைத்து அதன் சுவிட்சை அழுத்தினாள். அக்கம்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்தது. கறுத்துக் கிடந்த திரையில் வெளிச்சம் வந்தது. தனுஜா உட்கார்ந்த இடத்திலேயே அழுதுவிட்டாள்.

எல்லாருக்கும் மேலாகச் சத்தம் போட்டது மாமாதான். "பாத்தீங்களா! நான் பாத்து எடுத்த சாமான், சும்மாவா? குடு புள்ள, எல்லாருக்கும் காட்டுவோம்." கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

தனுஜாவின் வாயில் ஒரு கூடை வார்த்தை இருந்தது. அதற்குள் அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"கைய எடு தம்பி."

"என்னாக்கா?"

"நீ பாத்து எடுத்திருந்தா அது இந்நேரம் குப்பையில கெடக்கும். அவ பாத்து எடுத்தது. தொடுறதுன்னா அவளக் கேட்டுட்டுத் தொடு." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நானும் இனி அவளக் கேட்டுட்டுத்தான் தொடுவேன்."

மாமா கையை இழுத்துக்கொண்டார்.