கைக்கு எட்டாத தண்ணீர்

கொக்கிளாயில் மத்தேயுவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துபோனபோது, அவனைப் பார்க்க வீட்டில் ஒருவரும் இல்லை. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளைகளும் இல்லை. அவனுக்குக் கஞ்சி கொண்டுபோகத் தொடங்கியவள் மார்கிறட். அவளுடைய கணவன் கஸ்பாரும் மத்தேயுவும் ஒரே வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிப் புயலில் கஸ்பார் கடலோடு போய்விட்டான். மத்தேயு மட்டும் கரை சேர்ந்தான். வலைக்கயிறு அறுந்துவிட்டது என்று அவன் சொன்னதை ஊர் நம்பியது, அவளும் நம்பினாள்.

தினமும் விடியற்காலைச் செபம் முடிந்ததும் அவள் போவாள். கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் குடத்தில் நிரப்பி அவன் இடக்கைக்கு எட்டும்படி வைப்பாள். கஞ்சியைப் பருக்கி, முகம் துடைத்து, பாயை வெயிலில் போடுவாள். அவளுக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின தபசுகாலத்தில் ஒருநாள், கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்து வாசலில் இறக்கியவளை மத்தேயு கூப்பிட்டான்.

"தங்கச்சி, கயிறு அறேல்லை. நான்தான் வெட்டினனான்."

அவள் குடத்திலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தாள்.

"வலை கஸ்பாரின்ர காலில சுத்திப்போட்டுது. அவன் தண்ணிக்குள்ள கயித்தைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தான். வள்ளம் சரிஞ்சுது. பயத்தில கத்தியாலை வெட்டிப்போட்டன். என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன். பங்குச் சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டன். உன்னட்டச் சொல்லத்தான் துணிவு வரேல்லை."

மார்கிறட் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் போகவில்லை. பக்கத்து வீட்டு அருளம்மா வேலிக்கு மேலால் கேட்டாள்.

"மத்தேயு அண்ணையின்ர பக்கம் போகேல்லையோ?"

"இல்லை."

"சுகமில்லையோ?"

"எனக்கு ஒண்டுமில்லை அக்கா."

மத்தியானம் செபமாலையை எடுத்தாள். 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்ற இடத்தில் நாக்கு நகரவில்லை. மாலையைத் திரும்ப மாதா சுருவத்தின் கீழ் வைத்தாள். கஸ்பார் எத்தனை தரம் கூப்பிட்டிருப்பான் என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலுக்குள்தான் வேறொன்று ஞாபகம் வந்தது. குடம் வாசலிலேயே இருக்கிறது. பாயிலிருந்து அது அவன் கைக்கு எட்டாது.

ஒரு பகலும் ஓர் இரவும் போய், இப்போது அடுத்த பகலும் பாதி போய்விட்டது.

எழுந்து நடந்தாள். வழியெல்லாம் அவள் மனம் திரும்பிப் போ என்றே சொன்னது. கால்கள் போய்க்கொண்டிருந்தன.

மத்தேயுவின் உதடுகள் வெடித்திருந்தன. அவள் தலையைத் தூக்கிப் பிடித்துச் சிரட்டையால் தண்ணீர் பருக்கினாள். பாதி அவன் நெஞ்சில் சிந்தியது.

"ஆரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"எந்த முகத்தோட கூப்பிட?" என்றான் அவன்.

அவள் சிந்திய தண்ணீரைச் சேலைத்தலைப்பால் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

"என்ர மனம் ஆறேல்லை. பொய் சொல்ல மாட்டன். ஆனா உங்களைத் தண்ணியில்லாமல் விட்டது என்ர பிழை. பொறுத்துக்கொள்ளுங்கோ. நாளைக்கும் வருவன்."

மத்தேயு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான்.

அவள் வந்தாள். சில நாட்கள் ஒரு சொல்லும் பேசாமல் வேலையை முடித்துப் போனாள். சில நாட்கள் கஞ்சிக் கோப்பையைச் சத்தம் கேட்க வைத்தாள். பங்குச் சுவாமி பூசைக்கு வந்தபோது, "நான் அன்பில்லாமல்தான் செய்யிறன் சுவாமி" என்று முறையிட்டாள்.

"அவன் தாகம் தீருதே பிள்ளை?"

"ஓம் சுவாமி."

"அப்ப செய். மிச்சத்தை ஆண்டவர் பார்ப்பார்."

அடுத்த மாரியில், ஒழுகும் கூரைக்குக் கீழே அவள் சட்டியொன்றை வைத்துக்கொண்டிருந்தபோது, மத்தேயு கஸ்பாரின் பழைய குறும்பொன்றைச் சொன்னான். சுவாமியின் சைக்கிளை ஒருதரம் வள்ளத்தில் ஏற்றிக் களப்பின் அக்கரையில் கொண்டுபோய் விட்ட கதை. மார்கிறட் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான், அந்த வீட்டில் தான் சிரித்தது அவளுக்கே உறைத்தது.

மத்தேயு பயந்துபோய் அவளையே பார்த்தான்.

"பிறகு என்ன நடந்தது? சொல்லுங்கோ அண்ணை" என்றபடி அவள் பாயருகில் உட்கார்ந்தாள்.