வாசித்தது லூட்சியான் காவ்ரோன்

ஜன்னல் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. போன கோடையில் அப்பாவே அடித்த வெள்ளை பெயிண்ட் சட்டத்தோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தது. போக்னா கையால் தள்ளிப் பார்த்தாள், தோளால் முட்டிப் பார்த்தாள். கடைசியில் சமையலறையிலிருந்து ஒரு கத்தியைக் கொண்டுவந்து விளிம்பெல்லாம் கீற ஆரம்பித்தாள்.

"சீக்கிரம்டி," என்றாள் அம்மா ஹாலினா, கட்டிலருகே நின்றபடி. "உங்கப்பா எவ்வளவு நேரம்தான் காத்துக்கிட்டு நிப்பாரு?"

இறந்தவரின் உயிர் வெளியே போக வழி வேண்டும் என்பது போலந்து வழக்கம். சட்டம் சடக்கென்று மேலேறியது. சிகாகோவின் நவம்பர் குளிர் உள்ளே புகுந்து, கட்டிலில் கிடந்த அப்பா லூட்சியானின் நரைத்த மீசையை லேசாக அசைத்தது. போக்னா சட்டென்று முகத்தருகே குனிந்து பார்த்தாள். வெறும் காற்றுதான்.

ஹாலினா அதே வழக்கப்படி கண்ணாடியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். கடிகாரமும் ஓடக் கூடாது; சுவரிலிருந்து அதை இறக்கி, பேட்டரியைப் பிடுங்கித் தன் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். பாதிரியாருக்குச் சொல்ல வேண்டும், கறுப்பு சூட்டைத் தேடி எடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே நடந்தாள். அப்போது போன் அடித்தது. போக்னாதான் எடுத்தாள். போலந்துச் சங்கத்துத் தலைவர் போலெக்.

"யாரு, போக்னாவா? அப்பனைக் கூப்பிடும்மா. சாயங்காலம் படம் இருக்கு, மைக்கைச் சரிபார்க்கணும்."

"அப்பாவால இன்னைக்கு வர முடியாது மாமா."

"ஏன், தொண்டை கட்டிக்கிச்சா? நேத்தே கரகரன்னுதான் பேசினான். தொப்பி இல்லாம சுத்தாதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பெரிய வாலிபன்னு நினைப்பு!"

போக்னா வாயைத் திறந்தாள். "ஆமா மாமா," என்று வந்தது. ஏன் அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர்கள் தெருவில் நவம்பர் பிறந்தால் திருவிழா. தேர் கிடையாது, மேளம் கிடையாது. தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் கூடத்தில் ஒரு வாரம் போலந்துப் படங்கள் ஓடும். எந்தக் கம்பெனியும் நடத்துவதில்லை, எந்த அரசாங்கமும் பணம் கொடுப்பதில்லை. நாற்காலி தூக்குவது, திரை கட்டுவது, முட்டைக்கோஸும் கறியும் போட்டுப் பெரிய பாத்திரத்தில் வேகவைப்பது, எல்லாம் சங்கத்துக்காரர்களே. பேரப்பிள்ளைகளுக்கும் அமெரிக்க மருமகன்களுக்கும் போலிஷ் தெரியாது என்பதுதான் சங்கடம். அதற்குத்தான் லூட்சியான். போலந்தில் டிவியில் வெளிநாட்டுப் படம் போட்டால், எல்லாப் பாத்திரங்களின் வசனத்தையும் ஒரே ஆள் ஒரே குரலில் போலிஷில் வாசிப்பார். லூட்சியான் அதைத் தலைகீழாக்கிக்கொண்டார். கடைசி வரிசையில் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் வாசிப்பார். மணப்பெண், குடிகாரன், ராணுவ அதிகாரி, ஐந்து வயதுக் குழந்தை, எல்லோருக்கும் பஸ் வரும் நேரம் அறிவிப்பது போன்ற அதே குரல். படம் முடிந்ததும் அந்த டிவி வழக்கப்படி தன் பெயரையும் சொல்லுவார்: "வாசித்தது லூட்சியான் காவ்ரோன்." பொடிசுகள் விளையாட்டாகக் கூடவே சொல்ல ஆரம்பித்து, போகப் போகக் கூடமே சேர்ந்து சொல்லும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போக்னாவை ஒரு படம் வாசிக்கச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் திரையில் அழுதபோது போக்னாவின் குரலும் உடைந்தது. லூட்சியான் எழுந்து வந்து, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்கைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"நடிக்கிறது அவங்க வேலை. அழறதுக்கு அந்தப் பொம்பளைக்குச் சம்பளம் குடுத்திருக்காங்க, உனக்கு இல்ல," என்றார் பிறகு. "நீ வெறும் குரல். யாரும் பேசாத இடத்துல தண்ணி குடி. அவ்வளவுதான் தொழில்."

அத்தனை பேர் எதிரில்! அதற்குப் பிறகு போக்னா அந்தக் கூடத்தில் காலெடுத்து வைக்கவில்லை.

மதியம் இறுதிச்சடங்கு நிறுவனத்து ஆட்கள் வந்து லூட்சியானைக் கொண்டுபோனார்கள். போக்னா டென்வரில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டாள். அவன் "ஹலோ" என்றதும், "அம்மா பேசணுமாம்," என்று சொல்லிப் போனை ஹாலினாவிடம் நீட்டிவிட்டாள். தன் கணவனுக்கும் அப்படியே. அந்த இரண்டு வார்த்தை தொண்டைக்கு இந்தப் பக்கம் வர மறுத்தது. அழுகையும் வரவில்லை. நான் என்ன கல்லா என்று அவளுக்குத் தன் மேலேயே பயமாக இருந்தது.

"சங்கத்துக்கு நீயே நேர்ல போய்ச் சொல்லிட்டு வா," என்றாள் ஹாலினா. "எத்தனை வருஷப் பழக்கம். போன்ல சொல்ற சேதியா இது?"

சரி என்று கிளம்பினாள். இந்தத் தடவை சொல்லித்தானே ஆக வேண்டும்.

கூடத்து வாசலில் டிக்கெட் மேஜையில் கிராஜினா அத்தை உட்கார்ந்திருந்தாள். போக்னாவைப் பார்த்ததும் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தாள்.

"ராஸ்பெர்ரிச் சாறு. வெந்நீர்ல கலந்து குடிக்கச் சொல்லு. நான் குடுத்தேன்னு சொல்லாதே, வீம்புக்குக் குடிக்க மாட்டான்."

"அத்தை, அப்பா வந்து..."

"தெரியும்டி, போலெக் சொன்னான். இந்த வயசுக்கு அப்புறமா திருந்தப் போறான்? புடி."

போக்னா ஜாடியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போலெக் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"வந்துட்டியா! அதானே, அவன் விட்டுக்குடுப்பானா? தான் வர முடியலைன்னதும் பொண்ணை அனுப்பிட்டான் பாரு." வசனத் தாள்களை அவள் கையில் திணித்தார். "உக்காரு உக்காரு, கூட்டம் வந்தாச்சு."

"மாமா, ஒரு நிமிஷம்..."

விளக்குகள் அணைந்தன.

கடைசி வரிசையில் அப்பாவின் நாற்காலி, அதன்மேல் தட்டையாகிப்போன அவருடைய மெத்தை. மேஜையில் சின்ன விளக்கு, மைக், தம்ளரில் தண்ணீர். போக்னா ஜாடியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது?

ஆற்றங்கரையில் படகு ஓட்டும் ஒருவனின் கதை அது. வெள்ளம் வந்த நாளில் அவன் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். வாசலில் மகள் வழி மறிக்கிறாள்.

"கதவைத் தாழ்போட்டுக்கொள்," என்று வாசித்தாள் போக்னா. "எப்போது வருவீர்கள் அப்பா. சூப்பை அடுப்பிலேயே வை, வந்துவிடுவேன்."

அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே குரல். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திரையில் அந்தப் பெண் மழையில் நின்று கதறினாள். முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். போக்னா அடுத்த தாளைப் புரட்டினாள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டிருந்தால் அப்பா குறை சொல்ல முடியாது. அந்த நினைப்புக்கும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

படம் முடிந்து எழுத்துகள் ஓடின. வழக்கப்படி தன் பெயரைத்தான் சொல்ல வேண்டும். அவள் மைக்கில் குனிந்தாள்.

"வாசித்தது..."

"லூட்சியான் காவ்ரோன்!" என்று கூடம் மொத்தமும் கத்தியது. பொடிசுகளின் கீச்சுக்குரலும் கிழவர்களின் கட்டைக்குரலும் கலந்து வந்தன. ஒரே சிரிப்பு, கைதட்டல். "சீக்கிரம் தொண்டையைச் சரிபண்ணிக்கிட்டு வாய்யா!" என்று ஒருவர் மைக்கைப் பார்த்து உரக்கச் சொன்னார். வீட்டிலிருந்தே அவருக்குக் கேட்கும் என்பது போல.

மைக் இன்னும் உயிரோடு இருந்தது. கையில் வசனத் தாள் எதுவும் மிச்சமில்லை.

"லூட்சியான் காவ்ரோன் இன்று காலை வீட்டில் இறந்துவிட்டார்," என்று வாசித்தாள் போக்னா.

குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. பஸ் வரும் நேரம் சொல்வது போலவே இருந்தது. கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேய்ந்து நின்றது. போலெக் திரும்பிப் பார்த்தார். கிராஜினா அத்தை வாசலில் டிக்கெட் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

கூடத்தில் யாரும் பேசவில்லை. போக்னா தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.