சலைன் கட்டி ஆடிய ராணி

நர்ஸ் நோயெமிக்கும் ராரா என்னும் தெரு ஆட்ட ஊர்வலத்துக்கும் ஏழாம் பொருத்தம். தவக்காலம் வந்தால் ஊரே மூங்கில் குழலும் மேளமுமாகத் தெருவில் இறங்கும்; அவளோ சன்னலைச் சாத்திக்கொண்டு சபைப் பாட்டுப் பாடுவாள். அப்பேர்ப்பட்டவள்தான் இந்தப் பெரிய வெள்ளியன்று ராரா கோஷ்டியின் ராணியாக, சிவப்பு ஜிகினாப் பாவாடை கட்டி, பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பாவாடைக்குள் இடுப்பைச் சுற்றிச் சலைன் பைகள்.

வேறு வழியில்லை. வீடு எரிந்து பள்ளிக்கூடத்தில் தஞ்சம் புகுந்த சனங்களுக்குக் காலரா கண்டிருந்தது. சலைன் இருந்ததோ ஆற்றுக்கு அந்தப் பக்கக் கிடங்கில். நடுவில் பாலம், பாலத்தில் துப்பாக்கிக் கும்பல். மருந்து வண்டி வந்தபோதெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள். ராராவை மட்டும் அந்தப் பாவிகளும் மறிப்பதில்லை. அதனால் கோஷ்டி காலையில் ஆடிக்கொண்டே போய், இப்போது சுமையோடு திரும்பியது. கிடங்கில் நர்ஸ் கையில்தான் மருந்து கொடுப்பார்கள் என்பதால் நோயெமியே ராணி வேஷம் கட்டவேண்டியதாயிற்று. ராராவில் கோஷ்டித் தலைவருக்குக் கர்னல் என்று பட்டம்; அந்தக் கர்னல் தியெஜூஸ்தின் மகள் மிர்லாந்துக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பை ஏறிக்கொண்டிருந்தது. அது தீர்வதற்குள் போய்ச் சேரவேண்டும்.

பாலத்தில் கும்பல் தலைவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"என்னய்யா மேளம் இப்படி முனகுது?"

மேளத்துக்குள்ளும் பைகள் இருந்தன.

"பெரிய வெள்ளி இல்லையா தலைவரே, மேளமும் விரதம்!" என்றார் கர்னல். கும்பல் பையன்கள் சிரித்துவிட்டார்கள்.

"சரி, ராணி ஆடட்டும். எனக்கு மரியாதை பண்ணிட்டுப் போங்க."

ராணி ஒருவனுக்கு முன்னால் ஆடிவிட்டால் அவன் அவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அது ராரா வழக்கம். ஆனால் நோயெமிக்கு ஆடத் தெரிந்தால்தானே? இடுப்பை அசைத்தால் முடிச்சு வேறு அவிழும்.

"மிஸ், ஏதாவது பண்ணுங்க," என்று கர்னல் பல்லைக் கடித்தார். "எம் பொண்ணு..."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சபையில் கைதட்டி அசைவாளே, அதே அசைவு, அதே பாட்டு. குழல்காரர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு ஆளுக்கொரு சுரமாக அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிறு பள்ளிப் பாட்டை ராரா வாசித்ததை அந்தப் பாலம் அன்றுதான் கேட்டது. தலைவனின் உதடுகூட அசைந்தது. பயல் எந்தக் காலத்திலோ சபைக்குப் போனவன்தான்!

அப்போதுதான் முடிச்சு அவிழ்ந்தது. ஒரு பை நழுவி அவன் காலடியில் விழுந்தது.

குழல்கள் நின்றன. அவன் பையைப் பார்த்தான், பாவாடையைப் பார்த்தான். துப்பாக்கிப் பட்டையில் கை போனது.

நோயெமிக்குக் கோபம் பயத்தை முந்திக்கொண்டது. தலையிலிருந்த காகிதக் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினாள்.

"ஆடியாச்சு தலைவரே. ராணிக்கு என்ன தரப்போறீங்க?"

எல்லாரும் அவனையே பார்த்தார்கள், அவனுடைய பையன்கள் உட்பட. ராணியை வெறுங்கையோடு விரட்டினவன் என்று பெயர் வாங்க எந்தத் தலைவனுக்குத்தான் பிடிக்கும்?

"என்ன வேணும்?" என்றான் கடுகடுவென்று.

"வழி."

அவன் குனிந்தான். பையை எடுத்து, தூசியைத் தட்டி, அவள் கையில் வைத்தான். "விடுங்கடா," என்றான்.

அதன் பிறகு நடந்ததற்குப் பெயர் ஓட்டம். குழலும் மேளமும் கூச்சலுமாகப் பள்ளிக்கூட வாசலில் வந்து விழுந்தார்கள். மேளத் தோலைக் கிழித்துப் பைகளை எடுத்தார்கள். மிர்லாந்தின் பையில் அடியில் ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சம். நோயெமி ஜிகினாப் பாவாடையோடே மண்டியிட்டுப் புதுப் பையை மாட்டினாள்.

சாயங்காலம் குழந்தை கண் திறந்தது. முதலில் பாவாடையைப் பார்த்தது, பிறகு மேலே முகத்தை.

"மிஸ்... நீங்களா ராணி? ஆடிக் காட்டுங்க."

கர்னல் அழுதுகொண்டே, கோஷ்டியை ஆடவைக்கும் தன் விசிலை ஊதினார். நோயெமி எழுந்தாள். இப்போது இடுப்பில் சுமை ஏதுமில்லை. ஆடினாள் பாருங்கள், சபையே பார்த்திருந்தாலும் அன்று அவள் நிறுத்தியிருக்க மாட்டாள்.