கோளாறு எதுவும் இல்லை

பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் எங்களுடையது. இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தலாம். யாரும் புகுவதில்லை என்பது வேறு கதை. நானும் என் நாத்தனாரும்தான் கட்டிக்கொண்டு மாரடிக்கிறோம்.

பயனர்கள் எழுதியனுப்பும் புகார்களுக்கு டிக்கெட் என்று பெயர். தீராதவை முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காதவற்றைத் தானாகவே மூடும் நிரல் ஒன்றைத் திங்கட்கிழமை ஓடவிடப் போவதாக நாத்தனார் சொல்லிவிட்டாள். மொத்தமாகத் தலைமுழுகினால் நிம்மதி என்பது அவள் கட்சி. படிக்காமல் ஒன்றைக்கூட மூட விடமாட்டேன் என்று நான் சனிக்கிழமை காலையே உட்கார்ந்துவிட்டேன்.

பாதி எப்போதோ சரியானவை. சில வெறும் வசவு. ஞாயிறு மத்தியானம் ஆறு வருடத்துப் பழசு ஒன்று என்னை நிறுத்தியது. ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியது: 'இயர்ஃபோனைப் பிடுங்கினால் பேச்சு நின்றுவிடுகிறது. மகள் வேலையிலிருந்து வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.' கீழே என் பதில்: 'சோதித்தேன். கோளாறு எதுவும் இல்லை.' அதற்கு அவர், 'இங்கே இருக்கிறதே' என்று மட்டும் எழுதியிருந்தார். நான் அதற்குப் பதிலே போடவில்லை.

மறுபடி நான்கு முறை பிடுங்கிப் பார்த்தேன். நன்றாகவே பேசியது.

"அவரு கம்ப்யூட்டர்லதான் ஏதோ கோளாறு அண்ணி. மூடிருங்க."

"அவரு மாதிரி நாம ஒரு தடவைகூட உட்காரலையே" என்று சொல்லித் திரையை அணைத்தேன்.

இயர்ஃபோனைப் பிடுங்கினேன். சத்தமே இல்லை. எந்த விசையைத் தட்டினாலும் இல்லை. திரையைப் போட்டால், நடுவில் சின்னப் பெட்டி: 'ஒலி எதன் வழியாக வர வேண்டும்?' மவுஸால் மட்டும்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். நான்கு முறையும் என்னையறியாமல் அதைத் தட்டிவிட்டுத்தான் மேலே போயிருக்கிறேன். அந்தப் பெட்டியை எழுதியவளும் நானே. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் அந்தப் பெட்டியை ஒழித்துக்கட்டி, திருத்திய பதிப்பை ஆசிரியருக்கு அனுப்பினோம். இத்தனை வருடத்துக்குப் பிறகு பதில் வருமென்று எனக்கு நம்பிக்கையில்லை.

திங்கள் காலை பதில் வந்தது. 'மகள் இப்போது வெளியூரில். இரண்டு வருடமாக நான் இயர்ஃபோனைப் பிடுங்கியதே இல்லை. இன்று பிடுங்கினேன். பேசுகிறது.'

நாத்தனார் தானாக மூடும் அந்த நிரலை அழித்துவிட்டு, 'கோளாறு எதுவும் இல்லை' என்று நான் எழுதி மூடியவை எத்தனை என்று தேடினாள். நாற்பத்தொன்று.

எல்லாவற்றையும் மறுபடி திறந்தேன். பிறகு திரையை அணைத்தேன்.