சுராபாயாவுக்குப் போன முதல் சரக்கு

இப்போதெல்லாம் யாரும் கேள்வி கேட்பதில்லை. பதிலை டைப் அடித்துக் கையோடு கொண்டுவந்து, கீழே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கமலநாதனுக்கு அந்த எரிச்சல் காலையிலேயே ஏறிவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் பதினேழாவது மாடி, ஜன்னல் திறக்காத கண்ணாடி அறை. எதிரே மகள் மாதவி.

கம்பெனி வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். கிள்ளானில் ஒரு தகரக் கொட்டகையில் சிலிண்டருக்கு ஆக்சிஜன் அடைத்துக் கொடுத்த கம்பெனி, இன்று ஆறு நாடுகளில் நிற்கிறது. முதல் கப்பலில் சரக்கு ஏற்றியவர்களில் மிச்சம் இவர் ஒருவர்தான். மாதவிக்கும் அங்கேதான் வேலை. வியட்நாம் கிளைக்கு அவளைத் தலைவியாக அனுப்பப் பேச்சு நடக்கிறது. அப்பாவின் கையெழுத்தை வாங்கும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

தாளில் இங்கிலீஷில் இருந்ததை அவள் தமிழில் சொன்னாள். எல்லாச் சிலிண்டரையும் சோதித்து சுராபாயா துறைமுகத்துக்கு அனுப்பினோம் என்று அவரே சொல்வதுபோல் எழுதியிருந்தது.

சோதிக்கவில்லை. தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் சிலிண்டரின் தோளில் தேதி வெட்ட வேண்டும். கப்பல் நிற்காது என்று முதலாளி குதித்ததில், பழைய தேதியை அரத்தால் தேய்த்துப் புதுத் தேதியை அடித்து, மேலே கறுப்புப் பெயின்ட் பூசியது இவர் கைதான். அறுபது சிலிண்டர். பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்காததை இப்போது மகளிடம் சொன்னார்.

"அங்க ஒண்ணும் வெடிக்கலப்பா. ஆகியிருந்தா தெரிஞ்சிருக்கும் லா."

"யாரு போயி பாத்தா? நீ பாத்தியா?"

சோதித்தோம் என்ற சொல் எங்கே என்று கேட்டார். அவள் தயங்கி விரல் வைத்தாள். அதன்மேல் இரண்டு கோடு கிழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஏற்றியது நிஜம், அதற்குத் தன் பெயர் இருக்கட்டும் என்றார்.

மாதவி கோபப்படவில்லை. அதுதான் அவரை உலுக்கியது.

"நீங்க அடிச்ச வார்த்தய ஆபீஸ்ல திரும்பச் சேத்துடுவாங்கப்பா. அவங்க மறந்தா நானே சேப்பேன். இல்லன்னா என்னை அனுப்ப மாட்டாங்க."

கிழித்துப் போடலாம் என்று தாளைப் பிடித்தார். கிழித்தால் போவது அவள் வியட்நாம். விரல்கள் தாமாக விட்டுவிட்டன.

இத்தனை வருஷம் கழித்து யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்த இரும்பு நாற்பது வருஷம் உழைக்கும், இன்னும் எங்கேயோ புழக்கத்தில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். "ஒனக்கு ஒண்ணும் ஆகாது. அத சொல்லு," என்று தாளை அவளிடமே விட்டு எழுந்தார். அவள் பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் அதை நம்பாமலேயே லிஃப்ட்டை நோக்கி நடந்தார்.